நான் மாற்றிவைத்த மீன்கள்

1

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது ஆபீசில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஜெர்மன் பாஷையில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். தமிழே அப்படித்தான், அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸில் பாதி, வீட்டில் பாதி என்று வாசித்து முடித்தேன். விஷயம் இதுதான்: சொந்தப் பண்டிகைகளை முன்னிட்டு ஆய்வுக்கூடத்துச் சாமான் எதையும் யாரும் எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் சுத்தம் செய்யக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது.

பொட்டு வைப்பதற்கு அவர்கள் போட்டிருந்த வார்த்தை ‘நிறமுள்ள பொடிகளால் குறியிடுதல்’.

இருநூறு பேர் வேலை பார்க்கிற கட்டடம். இருநூறு பேருக்கும் இந்தத் தாள் போயிருக்கிறது. அதில் பண்டிகைக்குச் சாமானைக் கழுவிப் பொட்டு வைக்கிற ஆள் நான் ஒருத்திதான். எங்கள் வம்சத்தில் இதுவரை யாருக்காகவும் எந்த அரசாங்கமும் தனியாக ஒரு சட்டம் போட்டதில்லை. கையெழுத்தைத் தமிழிலேயே போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்தாள்.

இந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிற கதை தென்காசி வரைக்கும் போய், அங்கே கையும் காலும் முளைத்துத் திரிகிறது என்று கேள்வி. நான் குங்குமத்தை மெஷினில் கொட்டினேனாம், மெஷின் வெடித்ததாம், மகள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டேனாம். எந்த மெஷினும் வெடிக்கவில்லை. மீதியை நடந்தபடி எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

2

எங்கள் வீட்டுக்காரர் பரோட்டா மாஸ்டர். குற்றாலத்தில் பழைய அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு கடையில் நின்றவரை, சீசனுக்கு வந்த ஒரு பஞ்சாபிக்காரர் தின்று பார்த்துவிட்டு, ஜெர்மனியில் ஓட்டல் வைத்திருக்கிறேன் வருகிறாயா என்று கேட்டார். இவர் சரி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வந்து, எனக்கு ரெண்டு நாள் கழித்துச் சொன்னார். அப்போது மகள் செண்பகத்துக்கு நாலு வயசு. மூணு பேருமாக வந்து சேர்ந்தோம். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. நானும் மகளும் இங்கேயே இருக்கிறோம்.

நான் அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். மகள் படித்து டாக்டர் பட்டம் வாங்கி அதே கட்டடத்தில் மூணாவது மாடிக்குப் பின்னால் வந்து சேர்ந்து, எட்டு வருஷம் இருந்தாள். மகள் சிபாரிசில் தாய்க்கு வேலை கிடைத்தது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே நான்தான் சீனியர்.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று மேலகரத்து மதினி, அவரோட அக்கா, போன் பேசும்போதெல்லாம் கேட்பாள். நானும் பல தரம் சொல்லியிருக்கிறேன். செல்போனுக்குள்ளே, கூரையில் மாட்டுகிற சோலார் தகட்டுக்குள்ளே எல்லாம் மணலிலிருந்து எடுத்த சில்லு இருக்கிறது. அதற்குப் பதிலாக இவர்கள் கரியை மூலமாகக் கொண்ட சரக்குகளைக் காய்ச்சி மை மாதிரி ஒன்று செய்கிறார்கள். அந்த மையை பிளாஸ்டிக் தாளில் அச்சடித்தால், தாளே வெளிச்சம் தரும். வெயிலில் விரித்தால் கரண்ட் தரும். பாயைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிக் கொள்ளலாம். குறைகடத்தி என்று அதற்குத் தமிழில் பேராம், செண்பகம் தேடிச் சொன்னாள். வேண்டும்போது கரண்டை விடும், வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளும். எங்கள் வீட்டுக்காரர் பேச்சும் அப்படித்தான்.

மை செய்ய, ஒரு சரக்கை இன்னொரு சரக்கோடு கொக்கி மாட்டினாற்போலக் கோக்க வேண்டும். தானாகக் கோக்காது. பல்லேடியம் என்று ஒரு உலோகம், தங்கத்தோடு சேர்த்துப் பேசுகிற விலை, அதில் துளி போட்டால்தான் கோக்கும். கோத்து முடிந்த பிறகு அந்த உலோகம் லேசில் வெளியே போகாது. மையில் கொஞ்சம் தங்கிவிட்டால் தகடு சீக்கிரம் செத்துப்போகும். உலகம் பூராவும் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு தலைவலி.

என் மகள் அந்த உலோகம் இல்லாமலே கோத்துக் காட்டினாள். மஞ்சளாக இருக்கிற தண்ணி, அடுப்பில் ஏறி ஆறு மணி நேரம் கழித்து, மங்குஸ்தான் பழத்தைப் பிட்டால் விரலில் ஒட்டுமே, அந்தக் கலருக்கு வரும். அந்தக் கலர் வந்துவிட்டால் கோத்துவிட்டது என்று அர்த்தம். மூணாவது மாடியிலிருந்து கழுவ வரும் குடுவையில் அந்தக் கறையைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். அதைத் தேய்த்துப் போக்குகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதானே.

அவளுடைய புரொபசர் ரொம்ப நல்ல மனுஷர். இவளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இதைப் பேச வைத்தார். இதற்கு நடுவில் அங்கே ஒரு நிரந்தர வேலை காலியானது. இங்கே படித்தவர்களுக்கு வருஷத்துக்கு வருஷம் எழுதிக் கொடுக்கிற வேலைதான், எப்போது வேண்டுமானாலும் போகலாம். எட்டு வருஷமாக அவள் இப்படியே இருந்தாள். வீட்டுக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கச் சொன்னால்கூட, அடுத்த வருஷம் எங்கே இருப்பேனோ என்பாள். அந்த நிரந்தர வேலைக்குக் கடைசியில் ரெண்டே பேர் நின்றார்கள். இவளும் ஒரு இத்தாலிக்காரனும். டிசம்பரில் ரெண்டு பேரும், ஆள் எடுக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிற சபையில் பேச வேண்டும். உலோகம் இல்லாமல் கோத்தவள் பக்கம்தான் எல்லாருக்கும் மனசு என்று ஸ்டோரில் இருக்கிற யூர்கன் என்னிடம் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

நான் அன்றைக்கே மதினிக்குப் போன் போட்டு வேலை கிடைத்துவிட்டது என்றே சொல்லிவிட்டேன். ரெண்டு மாசம் முன்னப் பின்ன, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

3

மீனுக்கு வருகிறேன்.

குடுவைக்குள் சரக்கைக் காய்ச்சும்போது கரண்டி போட்டுக் கிண்ட முடியாது, வாயை அடைத்திருப்பார்கள். அதனால் உள்ளே சுண்டுவிரல் நுனியளவு ஒரு காந்தத்தைப் போடுவார்கள். வெள்ளைப் பூச்சு பூசியிருக்கும். அடியில் இருக்கிற அடுப்பிலும் ஒரு காந்தம் சுற்றும், அதைப் பார்த்து இதுவும் உள்ளே சுற்றிச் சுற்றிக் கலக்கும். அதற்கு இங்கே பேர் மீன். கலக்குகிற மீன்.

எல்லார் மீனும் கழுவுகிற அறைக்கு என்னிடம் வரும். செண்பகத்தின் மீன் மட்டும் வராது. சின்னச் சாமானை நானே அலசிக்கொள்கிறேன் என்பாள். நான் ஒரு நாள் அவள் டிராயரைத் திறந்து பார்த்துவிட்டேன். அஞ்சு மீன். அஞ்சும் வடைச்சட்டி அடி மாதிரிக் கறுத்து, கீறல் விழுந்து கிடந்தது. அவளுக்கு முந்தி அந்த மேஜையில் இருந்த ஒரு சீனாக்காரப் பெண் விட்டுப் போனதாம். நல்லாச் சுத்துதும்மா, பெறவு என்ன என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்துக்கே கண்ணாடி கழுவிக் கொடுக்கிறவள் பெற்ற மகளின் டிராயரில் கறுத்த சாமான். யாராவது பார்த்தால் யாரைச் சொல்வார்கள்?

இனி ஆயுத பூஜை. இங்கே அன்றைக்கு லீவு கிடையாது. நான் முதல் நாள் சாயங்காலமே என் பிரஷ், தட்டு, கழுவுகிற மெஷின் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவேன். பூஜை அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது இல்லையா, அதற்காக ஒரே ஒரு பிரஷ்ஷுக்கு மட்டும் பொட்டு வைக்காமல் விட்டு, அதை வைத்து அன்றைய வேலையைச் சமாளிப்பேன். சாமிக்கும் சம்மதம், சூப்பர்வைசருக்கும் சம்மதம். யூர்கனுக்குப் பொரிகடலை கொடுப்பேன். அவன் வருஷா வருஷம் அதை எண்ணி எண்ணித் தின்பான்.

சேர்ந்த புதுசில் ஒரு தரம் பாதுகாப்பு ஆபீசர் மெஷினில் இருந்த பொட்டைப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்துக்குள் வருகிற எந்தப் பொடிக்கும் விவரத் தாள் இருக்க வேண்டும், குங்குமத்துக்கு எங்கே என்று கேட்டார். என்ன கலந்திருக்கிறது, எத்தனை சூட்டில் தீப்பிடிக்கும், கண்ணில் பட்டால் என்ன செய்வது. நான் மதினியிடம் சொல்லி, சன்னதி பஜாரில் வாங்கின பாக்கெட்டை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முன்பக்கம் லட்சுமி படம், பின்பக்கம் ‘தரமானது’ என்று ஒரு வார்த்தை. அதை அவர் ஜெர்மனில் மொழிபெயர்த்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

போன வருஷம் பூஜைக்கு முதல் நாள், மூணாவது மாடியில் எல்லாரும் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் குடுவைகளைக் கொண்டுபோய் வைக்கப் போனவள், அவள் டிராயரைத் திறந்தேன். கறுத்த மீன் அஞ்சையும் எடுத்தேன். யூர்கனிடம் கேட்டு ஸ்டோரிலிருந்து புது மீன் அஞ்சு வாங்கி வைத்திருந்தேன், பல் மாதிரி வெள்ளை. அதை வரிசையாக அடுக்கி, டிராயரின் உள்பக்கம், மீன் மேல் படாமல், மிளகளவு ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். அவ்வளவுதான் நான் செய்தது.

பழசைக் குப்பையில் போட மனசு வரவில்லை. தயிர் டப்பாவில் போட்டு மூடி என் அலமாரியில் வைத்தேன். இந்த நாட்டில் என் அலமாரியில் எத்தனை தயிர் டப்பா இருக்கிறது என்று கேட்டால் செண்பகத்துக்குக் கோபம் வரும்.

4

அடுத்த வாரம் மங்குஸ்தான் கறை வரவில்லை. குடுவை எல்லாம் மஞ்சளாகவே கழுவ வந்தது. அதற்கடுத்த வாரமும் மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். சொதி வைத்திருந்தேன். பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. என்னட்டி என்று கேட்டதற்கு, கோக்கவில்லை என்றாள். சரக்கைப் புதுசாக வாங்கியும் பார்த்துவிட்டாளாம், சூட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டாளாம். மீன் வெள்ளையாகக் கிடந்ததை ஸ்டோர்க்காரர்கள் மாற்றியது என்று நினைத்து விட்டுவிட்டாளாம், அதைப் பிறகுதான் சொன்னாள். சபையில் பேசுவதற்கு அஞ்சு வாரம் இருந்தது. பேசுவதற்கு முன்னால், புரொபசர் வேறொரு ஆளை வைத்து அதே சமையலைச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஆளுக்கும் மஞ்சள்தான்.

பிறகு யாரோ டிராயரில் பொட்டைப் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னை மாடிக்குக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டார்கள். புரொபசர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். ரொம்ப மரியாதை. இது என்ன பொருள், எங்கே வாங்கியது, சூடான சாமான் பக்கத்தில் இதைத் தூவினீர்களா என்று கேட்டார். செண்பகம் பக்கத்தில் நின்றாள். கட்டடத்துக்குள் நாங்கள் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வோம், மற்றவர்களுக்குப் புரியாத பாஷையில் பேசுவது மரியாதை இல்லையாம். அதனால் என் மகள் என்னிடம் ஜெர்மனில், பொட்டைத் தவிர வேறு எதையும் தொட்டீர்களா என்று கேட்டாள். ‘தொட்டீர்களா’. வீட்டில் என்னை நீ என்கிறவள்.

நான் இல்லை என்றேன். சாமானைச் சுத்தமாக வைத்தது ஒரு குற்றமா? அதைப் போய் விசாரணையில் சொல்வார்களா? இது ஒன்று. இன்னொன்று, அவள் அப்படிக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு படிவம் கொடுத்தார்கள். சுத்தம் செய்ததன் நோக்கம் என்ன என்று ஒரு கட்டம். மறுநாள் சரஸ்வதி பூஜை என்று எழுதினேன். மறுபடி நடக்காமல் இருக்க என்ன நடவடிக்கை என்று இன்னொரு கட்டம். அடுத்த வருஷம்தான் வரும் என்று எழுதினேன்.

என் குங்குமத்தை வாங்கிக்கொண்டு போய், கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷினில் வைத்துப் பத்து நாள் சோதனை செய்தார்கள். அதில் இரும்பு இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, இன்னும் என்னவெல்லாமோ. மஞ்சளும் சுண்ணாம்பும் இருந்தது, கொஞ்சம் சாயம் இருந்தது. கோப்பதைக் கெடுக்கிற எதுவும் இல்லை. மதினியிடம் சொன்னேன்.

“ஏட்டி, நம்ம குங்குமத்தையா செக் பண்ணுதான்?” என்றாள். “அந்தக் கடைக்கார அண்ணாச்சிகிட்ட சொன்னா போர்டுல எழுதிப் போட்டுருவாரே.”

வேலைக்கு ஆர்டர் கையில் வந்துவிட்டதா என்று கடைசியில் கேட்டாள். தபாலில் வருது என்றேன்.

5

எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், குங்குமம் சோதனையில் இருக்கும்போதே புரிந்துவிட்டது.

குற்றாலத்தில் எங்கள் வீட்டுக்காரர் நின்ற கடையில் ஒரு ஆயுத பூஜைக்கு நான் போய்க் கழுவிக் கொடுத்தேன். கல்யாணம் ஆன புதுசு, நல்ல பேர் வாங்க வேண்டும் என்று ஆசை. பரோட்டாக் கல் கன்னங்கரேல் என்று கிடந்தது. செங்கல் பொடி போட்டு, தேங்காய் நார் வைத்து, அரை நாள் தேய்த்தேன். இரும்பு வெள்ளியாக மின்னியது. பொட்டு வைத்தோம். மறுநாள் அவர் மாவை வீசிக் கல்லில் போட்டார். ஒட்டியது. எண்ணெயை ஊற்றினார். இன்னும் ஒட்டியது. ஒரு வாரம் அந்தக் கல்லில் ஒரு பரோட்டா முழுசாக எழும்பவில்லை. அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வந்தவர்கள் பிய்ந்த பரோட்டாவைத் தின்றுவிட்டுத் திட்டிக்கொண்டு போனார்கள். கடை அண்ணாச்சி என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவரைத்தான் சொன்னார். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, பத்து வருஷத்து வேலை அதில் இருந்தது.

மீனிலும் ஏதோ இருந்திருக்கிறது. என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கறுப்பு போனதும் கோக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தொடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லியாயிற்று. இனி எப்படிப் போய்ச் சொல்வது? தானாகச் சரியாகிவிடும், கல் ஒரு வாரத்தில் சரியானது இல்லையா என்று இருந்துவிட்டேன். மொத்தம் பதினாறு நாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செண்பகம் சாப்பிட வரவில்லை. போனில், பசி இல்லை என்றாள். அவள் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு நானே போனேன். மேஜை பூராவும் காகிதம். தலை பின்னாமல் உட்கார்ந்திருந்தாள். டப்பாவை முன்னால் வைத்தேன்.

“என்னது?”

“உன் மீனு.”

திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“எங்கன இருந்துச்சு?”

“எங்கிட்டத்தான். கறுத்துப்போய்க் கெடந்துச்சு, மாத்தி வச்சேன்.”

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டேன், பதில் சொல்ல. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, டப்பாவோடு ஆபீசுக்குப் போய்விட்டாள், ஞாயிற்றுக்கிழமையில்.

6

மறுநாள் மத்தியானம் கழுவுகிற அறைக்கு ஓடி வந்தாள். கையில் குடுவை. உள்ளே மங்குஸ்தான் கலர். யூர்கன் இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டு தமிழில், வந்துட்டும்மா, வந்துட்டு என்றாள். யூர்கன் கை தட்டினான். என்ன என்று தெரியாமலே தட்டினான்.

அந்தச் சந்தோஷம் ரெண்டு நாள்.

அவள் என்னைப் போல இல்லை, வந்ததை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டாள். ஒரு குடுவையில் பழைய மீன், ஒரு குடுவையில் புது மீன், மற்ற எல்லாம் அதே அளவு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூணு தரம் காய்ச்சியிருக்கிறாள். பழசில் மூணு தரமும் கோத்தது. புதுசில் மூணு தரமும் மஞ்சள். பிறகு பழைய மீன் ஒன்றைப் பிளந்து, என் குங்குமத்தைச் சோதித்த அதே மெஷினில் வைத்துப் பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அடுப்படியில் நின்றாள்.

“அந்தச் சீனாக்காரி உலோகம் போட்டுத்தான் வேலை பார்த்திருக்கா. அவ மீனுல கீறலுக்குள்ள உலோகம் தங்கியிருக்கு. எல்லாச் சரக்கையும் சோதிச்சேன், மீனை யாருமே சோதிக்கல. உலோகம் இல்லாமக் கோத்தேன்னு ஊரூராப் போய்ப் பேசினேன். இருந்திருக்கும்மா. மீனு வயித்துல இருந்திருக்கு.”

அப்படியானால் கோத்தது பொய்யா என்று கேட்டேன். கோத்தது நிஜம், இல்லாமல் கோத்தேன் என்பதுதான் பொய் என்றாள். சபையில் பேச எத்தனை நாள் என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றாள். வேறு யாருக்குத் தெரியும் என்றேன். நமக்கு ரெண்டு பேருக்குத்தான் என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன். இப்படிப்பட்ட பேச்சை அடுப்பை எரியவிட்டுப் பேச முடியாது.

“ஒம்பது நாள் வாயை மூடிக்கிட்டு இரு. வேலை கையில வரட்டும். பெறவு நீயே கண்டுபிடிச்ச மாதிரிச் சொல்லு. யாரு வேண்டாம்னா?”

“பெறவு சொன்னா அது திருட்டும்மா.”

“சொல்லாம இருக்கது திருட்டு ஆகுமா? சும்மா இருக்கது. எட்டு வருஷம்ட்டி. ஒரு கட்டில் வாங்க முடியல உன்னால.”

“நீ பதினாறு நாள் சும்மா இருந்தியே. நல்லா இருந்துச்சா?”

“எனக்கென்ன. நல்லாத் தூங்கினேன்.”

அது பொய் என்று ரெண்டு பேருக்கும் தெரியும். அந்த டப்பாவை என்னிடம் கொடுத்துவிடு, மீனையே காணோம் என்றால் கதை முடிந்தது என்றும் சொன்னேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இல்லை. பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள்? அவள் டப்பாவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சாப்பிடாமல் போய்விட்டாள்.

மறுநாள் அவள் புரொபசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு, இதை அவசரப்படாமல் நிதானமாக ஆராய வேண்டும், முதலில் சபையில் பேசி முடி, பிறகு பார்க்கலாம் என்று சொன்னாராம். நாற்பது வருஷம் படித்த மனுஷரும் அஞ்சாம் வகுப்புக்காரி நானும் ஒரே யோசனையைத்தான் சொல்லியிருக்கிறோம். அவர் சொன்னதில் இலக்கணம் நன்றாக இருந்தது.

7

சபையில் அவள் பேசினாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் குடுவை வண்டியோடு வெளியே வராந்தாவில் நின்றேன், தள்ளுகிற மாதிரி. பத்து நிமிஷம் கோத்ததைப் பற்றிச் சொன்னாள். பிறகு, இதுவரை நான் இந்த விஷயத்தில் சொன்னது தப்பு என்று சொல்லி, திரையில் அந்த அஞ்சு கறுத்த மீன்களின் படத்தைக் காட்டினாள். பெரிசாக்கிக் காட்டியதில் கீறல் ஒவ்வொன்றும் பள்ளத்தாக்கு மாதிரித் தெரிந்தது. யார் இதை மாற்றி வைத்தது என்று ஒருவர் கேட்டார். கழுவுகிற அறையில் என் அம்மா என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள், குரல் ஒரு தரம்கூட அவளுக்கு இறங்கவில்லை.

வேலை இத்தாலிக்காரனுக்குப் போனது. அவன் நல்லவன்தான். இப்போது அவன் குடுவையும் எனக்குத்தான் வருகிறது, ஒன்றும் சுத்தமாக அலசி அனுப்பத் தெரியவில்லை.

செண்பகத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு ஊரில் ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாமானுக்குள் உலோகம் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதைப் படிக்கிற வேலை. ரயிலில் ஆறு மணி நேரம். அதாவது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போச்சு. இவளுக்கு வேலை கிடைக்கவில்லை என்று மதினியிடம் இதுவரை நான் வாயால் சொல்லவில்லை. மதினி, இதைப் படித்துத் தெரிந்துகொள். போனில் கேட்காதே.

அவள் கிளம்புகிற அன்றைக்குப் பெட்டி கட்ட உதவிக்குப் போனேன். துணியை மடித்துக்கொண்டே, ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

“ஏட்டி, சொல்லத்தான் போறேன்னு முடிவு பண்ணிட்டேல்லா. பெறவு அன்னைக்கு எங்கிட்ட எதுக்கு வந்து நின்ன? நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்னு தெரியாதா?”

“முடிவு பண்ணலம்மா. உன்கிட்ட வந்தப்ப எனக்கே தெரியாது.”

“பெறவு?”

அவள் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தாள், மூடுவதற்காக. நான் ஜிப்பை இழுத்தேன்.

“நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்த சாக்கு எல்லாத்தையும் நீ ஒண்ணு விடாம சத்தமாச் சொன்ன. கட்டில் வரைக்கும். வெளிய கேக்கும்போது அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு. அதுக்குப் பெறவு எப்படிச் சும்மா இருக்கது?”

ஜிப் பாதியில் சிக்கியது. எடுத்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

ஸ்டேஷனில் வண்டி போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். புரொபசர் சொன்னபோது அவளுக்கு அது அசிங்கமாகக் கேட்கவில்லை, நல்ல ஜெர்மனில் சொல்லியிருப்பார். நான் தமிழில், அடுப்படியில் நின்று, உள்ளதை உள்ளபடி சொன்னதால்தான் அவளுக்குப் புத்தி வந்திருக்கிறது. ஆக, என் மகளை அத்தனை பெரிய சபையில் உண்மை பேச வைத்தது நான்தான். வேறு யார்?